நெப்போலியன் கல்யாணப் பதக்கம்: விளிம்பில் இருக்கும் சின்னக் கை

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்: "வார இறுதியில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் வெண்கலப் பதக்கம் ஒன்றை 160 வெள்ளிக்கு வாங்கினேன். முன்பக்கத்தில் ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு முகமும் ஒன்றை ஒன்று ஒட்டியபடி ஒரே திசையைப் பார்க்கின்றன. பின்பக்கத்தில் பழைய ரோமானிய உடையில் இருவர் கைகோத்து நிற்கிறார்கள். 1810-இல் நெப்போலியன் கல்யாணத்துக்கு அடித்த ஒரிஜினல் என்று விற்றவர் சொன்னார். விளிம்பில் சி, யு, ஐ, வி, ஆர், ஈ என்று ஆறு எழுத்து, பக்கத்தில் பொடியாக ஒரு கை. இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? அம்மா புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். தேய்க்கலாமா?"

தம்பி, முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதுதான் அவசரம். தேய்க்காதீர்கள். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், விபூதி வேண்டாம், பித்தளைக்குப் போடும் பாலிஷும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சரி, முதல் கேள்வி. உங்கள் பதக்கம் 1810-இல் அடித்தது இல்லை. ஆனால் அது போலியும் இல்லை. பாரிஸ் நாணயச்சாலையிலேயே, 1845-க்கும் 1860-க்கும் நடுவில் அடித்தது. இதை நான் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய அந்தச் சின்னக் கையை வைத்துச் சொல்கிறேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மூக்கு தெளிவாக இருக்கிறதா, முடி தேய்ந்திருக்கிறதா என்று. பிரெஞ்சுப் பதக்கம் என்றால் நான் முதலில் விளிம்பைத்தான் திருப்பிப் பார்ப்பேன். பாரிஸ் நாணயச்சாலை 1832-இலிருந்து தான் அடிக்கும் பதக்கங்களின் விளிம்பில் ஒரு சின்ன அடையாளம் குத்த ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அடித்தவற்றின் விளிம்பு வெறுமையாக இருக்கும். 1832 முதல் 1841 வரை பழங்கால எண்ணெய் விளக்கு. 1841, 1842-இல் கொஞ்ச காலம் நங்கூரம். 1842 முதல் 1845 வரை கப்பலின் முன்மூக்கு. 1845 முதல் 1860 வரை, சுட்டிக்காட்டும் விரலோடு ஒரு கை. 1860 முதல் 1879 வரை தேனீ. 1880-இலிருந்து பழமும் பூவும் நிரம்பி வழிகிற கொம்பு. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டால், 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும், எந்தக் கடையிலும் யாரையும் கேட்காமல் நீங்களே காலத்தைச் சொல்லிவிடலாம்.

கூடவே இருக்கும் அந்த ஆறு எழுத்து பிரெஞ்சில் செம்பு. ஆமாம், நாம் வெண்கலப் பதக்கம் என்று சொல்லும் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பதக்கங்கள் பெரும்பாலும் செம்புதான். மேலே வெண்கலம் போன்ற பழுப்பு நிறத்தை நாணயச்சாலையிலேயே ஏற்றியிருப்பார்கள். பின்னால் வந்த கொம்பு முத்திரைப் பதக்கங்களில்தான் 'புரோன்ஸ்' என்ற சொல், அதாவது வெண்கலம் என்ற சொல், விளிம்பில் வழக்கமாக இருக்கும். வெண்கல உருளியும் பானையும் புழங்கின வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது லேசாகப் புரியும். வெள்ளீயம் நிறையச் சேர்ந்த வெண்கலம் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும், ஆனால் கெட்டி, அழுத்தினால் வளையாமல் விரிசல் விடும். நுணுக்கமான முகத்தை அச்சில் வாங்க வேண்டுமென்றால் செம்பு மாதிரி இளகிக் கொடுக்கும் உலோகம்தான் வசதி.

அப்புறம், இந்தக் கல்யாணத்தின் கதை. கொஞ்சம் தெரிந்திருந்தால் பின்பக்கத்து உருவங்கள் பேச ஆரம்பிக்கும். நெப்போலியனுக்கு முதல் மனைவி ஜோசஃபினிடம் குழந்தை இல்லை. 1809 டிசம்பரில் அவரிடமிருந்து பிரிகிறார். அதே 1809 ஜூலையில்தான் வாக்ரம் என்ற இடத்தில் ஆஸ்திரியாவைத் தோற்கடித்திருந்தார். தோற்ற அரசரின் மகளையே பெண் கேட்டார். மரி லூயிக்கு 18 வயது, மாப்பிள்ளைக்கு 40. 1810 மார்ச் 11 அன்று வியன்னாவில் ஒரு கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை இல்லாமலேயே. பெண்ணின் சித்தப்பா கார்ல் இளவரசர்தான் மாப்பிள்ளை இடத்தில் நின்றார். நம் ஊர் ஜமீன் கதைகளில் மாப்பிள்ளை வராமல் வாளை அனுப்பித் தாலி கட்டச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அது. பிறகு ஏப்ரல் 1 அன்று செயின்ட் கிளவுட் அரண்மனையில் சட்டப்படியான பதிவு. ஏப்ரல் 2 அன்று லூவர் அரண்மனையில், ஓவியங்கள் தொங்கிய ஒரு பெரிய கூடத்தையே தேவாலயமாக மாற்றிச் சமயச் சடங்கு. நடத்தி வைத்தவர் நெப்போலியனின் தாய்மாமன் முறையான கர்தினால் ஃபெஷ். முதல் திருமண ரத்தைப் போப்பாண்டவர் ஏற்காததால் 13 கர்தினால்கள் அந்தச் சடங்குக்கு வரவில்லை. கோபத்தில் நெப்போலியன் அவர்கள் சிவப்பு அங்கி அணியக் கூடாது என்று தடை போட, கறுப்புக் கர்தினால்கள் என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

பதக்கத்தில் இந்தச் சண்டை எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அதன் வேலை. நெப்போலியனின் பதக்கங்களுக்கெல்லாம் மேற்பார்வை விவாந் தெனோன் என்பவர். 1798-இல் எகிப்துப் படையெடுப்பில் கூடவே போய்ப் பார்த்ததையெல்லாம் வரைந்துகொண்டு வந்த கலைஞர், பின்னால் லூவர் அருங்காட்சியகத்தின் தலைவர். நெப்போலியனின் ஆட்சியை ஒவ்வொரு நிகழ்ச்சியாக உலோகத்தில் எழுதி வைப்பது அவர் திட்டம். முகங்களைச் செதுக்கியவர் பெர்ட்ரான் ஆந்திரியூ, போர்தோவில் பிறந்தவர். லென்ஸை வைத்துக் கழுத்துக்குக் கீழே பாருங்கள், அவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் கீழே எம், டி, மூன்று சி, எக்ஸ் என்று ரோமானிய எண்ணில் 1810 இருந்தால் அது கல்யாணத்தின் ஆண்டு, அடித்த ஆண்டு ஆகாது. விற்றவர் அதைப் பார்த்துத்தான் ஒரிஜினல் என்று சொல்லியிருப்பார். ஏமாற்ற நினைத்தார் என்று நான் நினைக்கவில்லை. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்படும் வரைக்கும் அங்கே போய் வந்த எனக்குத் தெரியும், நல்ல மனசோடு தப்பான ஆண்டைச் சொல்கிற வியாபாரிகள்தான் அதிகம்.

முன்பக்கத்து இரண்டு முகங்களையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பதக்கத்தை மெதுவாகத் திருப்புங்கள். நெப்போலியன் முன்னால், தலையில் வாகை மாலை. மரி லூயி பின்னால், நெற்றியும் மூக்கும் உதடும் மட்டும் அவர் முகத்தைத் தாண்டி ஒரு கோடு போலத் தெரியும். அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒரு 18 வயதுப் பெண்ணின் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார் ஆந்திரியூ. இது எஃகு அச்சில், குழிவாக, இடவலம் மாற்றி, கையால் செதுக்கியது. வாகை இலை ஒவ்வொன்றிலும் நடுநரம்பு தெரிகிறதா பாருங்கள். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அதுதான்.

அடிப்பதும் ஒரே அடியில் முடியாது. நாணயம் தட்டை, ஒரு தட்டில் முடிந்துவிடும். பதக்கத்தில் முகம் உயர்ந்து நிற்கிறது. வட்டமாக வெட்டிய செம்பைத் திருகு அழுத்தியில் வைத்து ஓர் அடி. அடிபட்ட செம்பு இறுகிப்போகும். எடுத்து நெருப்பில் காய்ச்சி இளக வைத்து, பழையபடி அச்சில் அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார வைத்து, மறுபடியும் அடி. இப்படிப் பல தடவை. கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னோர் எழுத்து விழுந்துவிடும்.

இப்போது உங்களுக்குள் ஒரு கேள்வி வரும்: 1810-இல் நடந்த கல்யாணத்துக்கு 1850 வாக்கில் யார் பதக்கம் அடிக்கச் சொன்னார்கள்? நாணயச்சாலை பழைய அச்சுகளைத் தூக்கிப் போடவில்லை. கேட்டவர்களுக்கு அடித்து விற்றது. நெப்போலியனின் உடல் 1840 டிசம்பரில் பாரிஸுக்குத் திரும்பி வந்தது. அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவர் 1852-இல் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசரானார். அவருக்கே 1853 ஜனவரியில் நாத்ர்தாம் தேவாலயத்தில் கல்யாணம். பெரியப்பா காலத்துப் பதக்கங்களைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய இருந்த காலம் அது. உங்கள் பதக்கம் அந்த 15 வருடத்துக்குள் எப்போது பிறந்தது என்று கை முத்திரை சொல்லாது. ஆனால் நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தியக் கைதிகள் இங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் அப்போதே இருந்தது. 160 வருடத்துக்கும் மேல் பழைய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரிஜினல் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். இதை மறு அச்சு என்பார்கள். போலி வேறு, மறு அச்சு வேறு.

போலி எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்த தடவை உதவும். போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. நல்ல பதக்கம் ஒன்றிலிருந்து அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றியவை. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் சிலை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வார்ப்பிலிருந்து வெளியே வந்த சிலை அப்படியே கோவிலுக்குப் போகாது, உளியும் அரமும் வைத்து வாரக்கணக்கில் சீர் செய்தால்தான் கண்ணும் விரலும் வரும். போலி வார்க்கிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. அதனால் எழுத்தின் ஓரங்கள் சோப்பு மாதிரி வழுவழுத்து இருக்கும், லென்ஸில் பார்த்தால் ஊசி முனை அளவுக்குக் காற்றுக் குமிழித் துளைகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் அசலைவிட ஒரு பொட்டு குறையும். இந்தக் கல்யாணப் பதக்கம் சுமார் 40 மில்லிமீட்டரில் உண்டு, அதைவிடச் சின்ன அளவுகளிலும் உண்டு. விட்டம் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதிகச் செலவில்லை. விளிம்பைச் சுற்றி அரம் தேய்த்த கோடு ஓடினால் சந்தேகப்படுங்கள், இரண்டு பாதி சேர்ந்த இடத்தை மறைத்திருப்பார்கள். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விளிம்பு வெறுமையாக இருந்தால் உடனே 1810 என்று துள்ளவும் கூடாது. 1832-க்கு முன் எந்த வருடமும் அடித்திருக்கலாம். முத்திரையை யாராவது அரைத்து எடுத்தும் இருக்கலாம். அங்கே அச்சின் நிலையைப் பார்க்க வேண்டும். எஃகு அச்சு துருப்பிடித்தால் அதில் குழி விழும், அந்தக் குழி பதக்கத்தில் மேடாக வரும். அச்சு விரிசல் விட்டால் பதக்கத்தில் மெல்லிய மேட்டுக் கோடாக வரும். வெறுமையான இடங்களில் இப்படிப் பொரிப்பொரியான மேடுகள் இருந்தால், அச்சு நாள்பட்டுப் போன பிறகு அடித்தது என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் காலத்துப் பதக்கங்களுக்கு விலை பல மடங்கு அதிகம் என்பதால் இதில் நிதானம் வேண்டும்.

நீங்கள் கொடுத்த விலை பற்றி: கையும் எழுத்தும் நீங்கள் சொன்னபடி இருந்து, முகங்களில் தேய்வு இல்லாமல் இருந்தால் எனக்குக் குறையில்லை. விளிம்பில் இடிபட்ட பள்ளங்கள் இருந்தால் கொஞ்சம் அதிகம்தான். இதே மாதிரி வெளிநாட்டு ஏலத்தில் வாங்க நினைத்தால் தபால் கட்டணத்தோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரச கல்யாணம் என்றதும் பலர் என்னிடம் கொண்டுவருவது 1981 சார்ல்ஸ் டயானா வட்டம். அதில் மதிப்பு எதுவும் எழுதியிருக்காது, அதனால் பதக்கம் என்று நினைக்கிறார்கள். அது 25 பென்ஸ் நாணயம், செம்பும் நிக்கலும் கலந்தது, 2.6 கோடிக்கும் மேல் அடித்தார்கள். பாட்டி வைத்திருந்தார் என்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள், விற்றுப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இனி புளி. இதை எழுத எனக்கு இன்னும் வலிக்கிறது. 1863-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் இளவரசருக்கும் டென்மார்க்கின் அலெக்ஸாண்ட்ராவுக்கும் கல்யாணம். மணப்பெண்ணின் வரவை ஒட்டி லண்டன் மாநகராட்சி ஒரு வெண்கலப் பதக்கம் வெளியிட்டது. வயன் குடும்பத்துச் செதுக்கர்கள் செய்தது, 77 மில்லிமீட்டர், உள்ளங்கையை நிறைக்கும். நம் அலெக்ஸாண்ட்ரா ரோட்டின் பெயர் அந்த அம்மையாருடையதுதான் என்பதால் ஆசைப்பட்டு வாங்கினேன். தீபாவளிக்கு முதல் வாரம், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் பெரியம்மா விளக்குகளோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துணியால் துடைத்து, கோவில் பாத்திரம் மாதிரி மின்ன வைத்திருந்தார். ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்லா இருக்கு பெரியம்மா என்றுதான் சொன்னேன். 130 வருடத்துக்கு மேல் ஏறியிருந்த நிறம் அரை மணி நேரத்தில் தொட்டிக்குள் போய்விட்டது.

நடந்தது இதுதான். செம்பின் மேல் இருக்கும் பழுப்புத் தோல் ஆக்ஸைடு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். அடியில் ரோஜா நிறத்தில் வெறும் செம்பு வெளியே வரும். விளக்குக்கு அது அழகு, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தேய்க்கலாம். பதக்கத்தில் அந்தத் தோல் பாதுகாப்பும் கூட, முகத்தின் மேடு பள்ளத்துக்கு நிழல் கொடுப்பதும் அதுதான். ஒரு தடவை போனால் அதே மாதிரி திரும்ப வராது. எங்கள் பதக்கம் ஒரு மாதத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்தது, விரல் ரேகைகள் அப்படியே பதிந்து நின்றன.

பழுப்புத் தோலும் களிம்பும் ஒன்றில்லை. செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்று சைவ நூல்களில் உவமை வரும். அந்தப் பச்சைதான் உங்கள் எதிரி. வெளிர்ப் பச்சையாக, மாவு மாதிரி, தொட்டால் உதிர்கிற புள்ளிகள் இருந்தால் அது உப்பிலிருந்து வருகிற குளோரைடு நோய், ஈரம் இருக்கும் வரை தின்றுகொண்டே போகும். அப்படி இருந்தால் அதை மற்றவற்றோடு வைக்காதீர்கள். நம் ஊரில் காலையில் காற்றின் ஈரம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னலைத் திறந்து வைத்துத் துணி காயப்போடும் அறையில் அலமாரி இருந்தால் இன்னும் மோசம். கேமரா லென்ஸ் வைக்க விற்கிறார்களே, ஈரம் காட்டும் முள்ளோடு ஒரு டிரை பாக்ஸ், அதில் 40 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொண்டால் நிம்மதி. அதற்கு வசதி இல்லையென்றால் இறுக்கமாக மூடும் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

தூசி இருந்தால் மேக்கப் போடும் மெல்லிய பிரஷ் போதும். தூக்கும்போது விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். இவ்வளவுதான் பராமரிப்பு.

கேள்வியில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், விற்றவர் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் உறையிலேயே இன்னும் வைத்திருப்பதாக. அந்த உறையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். புதுக் குளியலறைத் திரைச்சீலை வாசனை வந்தால் அது பிவிசி. நாளாக ஆக அது கசிந்து பதக்கத்தின் மேல் பச்சைப் பசையாக ஒட்டும். பசை ஏற்கெனவே இருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஒரு முக்கு, சன்னலோரமாக, அடுப்புக்குத் தள்ளி. நகப்பூச்சு அழிக்கும் திரவம் அதற்குப் பதில் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பசை இல்லையென்றால் எதுவும் செய்ய வேண்டாம். இன்று இரவே பதக்கத்தை அந்த உறையிலிருந்து எடுத்து, அமிலம் இல்லாத காகித உறையில் போட்டுவிடுங்கள். எடுக்கும்போது அப்படியே விளிம்பைச் சுற்றி நாலு படம் எடுத்து அனுப்புங்கள், கை முத்திரையின் விரல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று தெரிகிற மாதிரி.